ஊதா விளக்கில் வீராசாமி அண்ணன்

வீராசாமி அண்ணன் இன்று மதியம் போய்விட்டார்.

சோறு சாப்பிட்டார், நாற்காலியில் சாய்ந்தார்... அவ்வளவுதான். அண்ணி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் மூச்சு இல்லை.

போன் வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் இருந்தது. திட்டாதீர்கள்... பல மாதமாக மூச்சுக்குத் திணறினவர். ஆஸ்பத்திரியில் குழாயோடு சாகக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பயம். அது நடக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் ஃபிரண்ட் லிஸ்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் ராவாங் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் ஃபேக்டரியில் ஒன்றாக வேலை செய்தோம். சிவக்கக் காய்ந்த இரும்பை அச்சில் வைத்து, பெரிய ஹேமரால் அடித்து, கார் சாமான் செய்கிற இடம்.

அவர் ஹேமர் அடிக்கிறவர். நான் இன்ஸ்பெக்‌ஷன். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பு எஸ்.ஆர்.பி. பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். இருட்டு அறையில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தேன்.

ஹேமர் சத்தத்திலேயே இருந்ததால் அண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது. என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் காதில் ரகசியம் சொன்னார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, எப்படி இவனுக்குச் சம்மதிச்சுச்சு?"

கெட்டிமேளத்தையும் தாண்டிக் கேட்டது. என் மனைவி அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். வேலையை விட்டு, தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளோடு ராவாங் வந்தார். அண்ணிக்கு விருப்பமே இல்லை.

வந்த வருஷமே அந்தக் கூத்து...

மலேசியாவிலேயே செய்கிற நம் நாட்டுக் கார் முதன்முதலாக வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஒரு பாகத்துக்கு எங்களிடம் சேம்பிள் கேட்டிருந்தார்கள். தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் புதிதாக எடுத்த ஹேமர் ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அண்ணன் புது ஆள். வீட்டுக்குப் போ என்றால், திரும்பிப் போக லயமும் இல்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் சேம்பிள் பெட்டி என் அறைக்கு வந்தது.

என் வேலை இதுதான். சாமானில் காந்தம் ஏற்றி, மினுங்கும் பொடி கலந்த எண்ணெயை ஊற்றி, ஊதா விளக்கில் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத கிராக் இருந்தாலும் மஞ்சள் பச்சையாகக் கோடு போட்டு எரியும்.

முதல் சாமான்... கோடு. அடுத்தது... கோடு. எல்லாவற்றிலும், ஒரே இடத்தில்.

சூப்பர்வைசர் சீனர். எட்டிப் பார்த்து, "செமுவா ரிஜெக்ட்?" என்றார். மொத்தமுமா என்று கேட்கிறார். தலையை ஆட்டினேன். நேரே ஹேமர் பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால், இருட்டில் ஒரு விரல் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டு என்னை நோக்கி வருகிறது. அதற்கு மேலே அந்தரத்தில் இன்னொரு தீற்று.

முருகனைக் கூப்பிட்டேன் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவைத்தான் கூப்பிட்டேன்.

"ஏன்டா கத்துற? நான்தான்லா."

வீராசாமி அண்ணன்.

"நான் அடிச்ச சாமான்ல கிராக்காமே. காட்டு பாப்போம்."

"அண்ணே, ஒங்க வெரல்லயும் கிராக் இருக்கு. நெத்தியிலயும் இருக்கு."

"மெண்டல் பயலே, நான் என்ன நெலமையில வந்திருக்கேன்..." என்றவர் தன் விரலைப் பார்த்தார். சாமானைப் பார்த்தார். மறுபடி விரலை.

"மஞ்சடா," என்றார்.

பூஜையன்று ஹேமருக்கு மஞ்சள் பூசிய கையோடு, நல்லபடியாகத் தேறட்டும் என்று சேம்பிள் ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு தீற்றுப் போட்டிருக்கிறார். ஃபேக்டரியில் இருந்த ஜப்பான் எஞ்சினியர் கண்ணில் பட்டால் வம்பு என்று காலையில் துணியால் துடைத்தும் விட்டார். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சொரசொரப்பான இரும்பு, மஞ்சளைக் குடித்துவிட்டிருந்தது.

"கழுவிப் பாரு. மஞ்சளா இருந்தா போயிரும், கிராக்கா இருந்தா நிக்கும். நின்னுச்சுன்னா ரிஜெக்ட்னே எழுது, என் மூஞ்சிக்காகப் பாக்காத."

மண்ணெண்ணெயில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்தோம். மறுபடி காந்தம், மறுபடி எண்ணெய். விளக்கைக் கிட்டே கொண்டுபோனபோது அவர் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முதல் சாமான்... இருட்டு. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததே இல்லை. அடுத்ததும் இருட்டு. பெட்டி முழுக்க இருட்டு.

"என்னாடா?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமே தெரியலண்ணே."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் சூப்பர்வைசர் ஒரு சாமானை மோந்து பார்த்தார். "கூஞிட்? கறிக்குப் போடுற கூஞிட்டா?" மலாயில் மஞ்சளைத்தான் கேட்கிறார்.

சேம்பிள் தேறியது, ஆர்டரும் வந்தது. அடுத்த வருஷப் பூஜைக்கு சூப்பர்வைசரே முன்னால் வந்து நின்றார். குங்குமம் ஓகே, மஞ்சள் மட்டும் வேண்டாம் என்று கண்டிஷன்.

இன்று போனில் அண்ணி சொன்னது ஒன்று, இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாதது.

"ராவாங் வந்தும் நான் பாதிச் சட்டி பானைய பெட்டியவிட்டு எடுக்கவே இல்ல தம்பி. எப்படியும் தொரத்திருவாங்க, கெளம்பத்தான் வேணும்னு. அந்த ஆயுத பூஜைக்கு மறுநா சாயங்காலம் வந்தாரு. பெட்டியப் பிரிச்சு எல்லாத்தையும் அவரே எடுத்து அடுக்குனாரு. தப்புத் தப்பாத்தான் அடுக்குனாரு. நான் மாத்தல."

நாளை மதியம் அதே வீட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். ராவாங் பக்கம் இருப்பவர்கள் வாருங்கள், நான் காலையிலேயே அங்கே இருப்பேன்.

நிம்மதியாகப் போங்கள் அண்ணே...