குளிர் அறைக்கு ஒரு கம்பளிச் சட்டை

மலாக்காவில் கம்பளிச் சட்டை பின்னுகிறேன் என்றால் எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள். "இந்த வெயில்ல யாருக்குலா சுவெட்டர்?" என்று நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேட்காத ஆளில்லை. நான் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் விளங்காத ஜென்மங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயர் குரோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் நூல் கடைக்குப் போய்விடுவேன். கடை ஒரு சீன ஆன்டியுடையது. பின்பக்கம் ஒரு நீள மேசை, அதைச் சுற்றி நாங்கள். மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடும். தமிழ் பேச நானும், புலாவ் செபாங்கிலிருந்து வரும் ஓர் அக்காவும் மட்டும்தான். அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு: அடுத்தவர் ஊசியில் இருக்கும் பின்னலைத் தொடக் கூடாது. ஒவ்வொரு கைக்கும் நூலை இழுக்கிற இறுக்கம் வேறு. பாதியில் கை மாறினால் துணியில் கோடு விழுந்துவிடும். புருஷனைக்கூட இரவல் கொடுப்பார்கள், ஊசியைக் கொடுக்க மாட்டார்கள் என்று ஆன்டி சொல்வார்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்த சமயத்தில்தான் அவர் மகளுக்கு வேலை கிடைத்தது. கோழி இறைச்சியை உறைய வைக்கும் தொழிற்சாலை. நாள் முழுக்கக் குளிர் அறையில் நிற்க வேண்டும். கம்பெனி ஜாக்கெட் பத்தவில்லை என்று பிள்ளை ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அக்கா ஆன்டியிடம் சொல்லி நல்ல ஆட்டுக் கம்பளி நூல் வரவழைத்தார். கரும்பச்சை.

"சாதா நூல்லாம் பேருக்குத்தான்டி சுவெட்டர். எம்புள்ளக்கி எலும்புவரைக்கும் குளிருதாம்," என்றார்.

சட்டையின் உடம்பும் முதல் கையும் முடியும்வரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு மருந்து அக்காவின் விரல்களை மரத்துப்போகச் செய்துவிட்டது. கண்ணி ஊசியிலிருந்து நழுவுவதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கையில் அங்கங்கே ஏணிபோல இடைவெளி விழுந்தது. நான் அவர் ஊசிக்குக் கை நீட்டினேன்.

"அக்கா, குடுங்க. நான் எடுத்துச் சரிபண்ணித் தர்றேன்."

"கைய எடு. எம்புள்ளக்கி நான்தான் பின்னுவேன்."

அதோடு அந்தப் பேச்சை விட்டேன். அந்தக் கையைப் பின்னி முடிக்கும்வரை அவருக்கு உயிர் இருக்கவில்லை.

செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அழுகைப் படங்கள் குவிந்தன. அந்தக் கண்ணீர் காய்வதற்குள் ஒருத்தி, அக்கா வீட்டில் இருக்கும் நூலையெல்லாம் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் வீசிவிட்டுச் சாவு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே பெட்டிக்குள் அக்காவின் நெஞ்சின்மேல் அந்தப் பச்சைச் சட்டை கிடந்தது. ஊசிகூட எடுக்கப்படவில்லை. வைத்தது அக்காவின் நாத்தனார்.

"செத்தவ கொறையா விட்டது ஊட்ல இருக்கக் கூடாது. அவளோடயே போவட்டும்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூட வந்த ஆள் ஊசியைப் பார்த்துவிட்டார். "மின்சுடலைக்கு இரும்பு ஆகாதும்மா," என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடித்து இழுத்தார். நாலைந்து கண்ணிகள் சரசரவென்று அவிழ்ந்தன. மரத்த விரலால் அக்கா மல்லுக்கட்டிப் பின்னிய கண்ணிகள்.

"ஐயோ, விடுங்கண்ணே! அவுந்துபோவும்!" என்று கத்திவிட்டேன். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"சாவு ஊட்ல என்னா கூத்து இது?" என்று நாத்தனார் என்மேல் பாய்ந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்து வந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண். பெட்டிக்குள் கையை விட்டுச் சட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது என் சட்ட அத்த. எனக்குப் பின்னுனது. யாரும் தொட வேணாம்," என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆன்டி, முடிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடை மேசையில் பட்டிமன்றமே நடந்தது. ஏணி விழுந்த கையை முழுக்க அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பின்னு, அப்போதுதான் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. நழுவிய கண்ணிகளை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டு, அக்கா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன். கோடு விழத்தான் செய்தது. முழங்கைக்குக் கீழே என் கை என்று குருடனுக்கும் தெரியும்.

முடித்த சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சீருடையில், வேலைக்குப் புறப்பட்டு நின்றாள். போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"இனிமே உள்ள குளிராது பாரு," என்றேன்.

அவள் சட்டையின் கையைத் தடவினாள். பிறகு, "உள்ள இத போட முடியாது ஆன்டி. கம்பளி நூலு கோழியில உளுந்துடும்னு வுட மாட்டாங்க. வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "அடிப்பாவி! அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்தக் கைய வச்சுக்கிட்டு எவ்ளோ கஷ்டப்பட்டாங்க!"

"சொன்னா பின்னுறத நிறுத்திடுவாங்க. அப்புறம் நாள் பூரா உக்காந்து எதப் பாத்துக்கிட்டு இருப்பாங்க ஆன்டி, சாவையா?"

அவள் சட்டையைக் கழற்றவில்லை. அந்த வெயிலில் அதோடேயே மோட்டார் சைக்கிளில் ஏறினாள். தொழிற்சாலை வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாளாம்.