நாற்பத்தொன்றாவது பெயர்

நானும் நைனாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு நகலை ஒப்பிட்டுப் பார்த்தது. 1966, ஆடி மாதம், பகல் பதினொரு மணி. அவர் மூலத்தை வாசித்தார். நான் நகலில் விரல் வைத்து வரிக்கு வரி "சரி" சொன்னேன். மின்வாரியத்தில் மீட்டர் சோதிப்பவன் நான், விடுப்பில் வந்திருந்தேன்.

நைனா, என் அப்பா தேவநாதன், செஞ்சியில் முப்பது வருடம் பத்திர எழுத்தர். மூலத்தில் பிழை இருந்தால் பிழையையும் அப்படியே எழுதுவார்.

நகலெடுக்க அந்தப் பழைய காகிதக் கட்டைக் கொடுத்தவர் கடைத்தெரு வியாபாரி தாண்டவராயன். அவருடைய வீட்டு வழக்குக்கு அதன் நகல் தேவைப்பட்டது. அவருடைய முன்னோர் ஒருவர், ஒரு கூட்டாளியோடு சேர்ந்து புதுச்சேரியிலிருந்து கப்பலில் அடிமைகளை அனுப்பி விற்றவர். பங்கு பிரிக்கும்போது அந்தக் காலத்திலேயே இருவருக்கும் வழக்காகிவிட்டது. ஏற்றியது நாற்பத்தொரு பேர் என்றார் ஒருவர். நாற்பதுதான் என்றார் மற்றவர். கப்பல்காரன் சாட்சி சொன்னான்: தலையை எண்ணினால் நாற்பது, பெயரைக் கூப்பிட்டால் நாற்பத்தொரு குரல். நாற்பது என்று தீர்ப்பானது.

கட்டில் இருந்த அடிமைப் பட்டியலின் கடைசிப் பெயரை, நாற்பத்தொன்றாவதை, நைனா வாசித்தார். "பவுனம்மாள், வல்லம், வலது காது கிழிந்தவள்."

"சரி."

நான் சொல்லவில்லை. பெண் குரல். அறையில் நாங்கள் இருவர்தான்.

"நீ சொன்னியா?"

"இல்ல நைனா."

மறுபடி வாசித்தார். இம்முறை என் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். வாசலில் வெயில், தெருவில் ஆள் இல்லை.

"சரி."

நைனா காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

சாயங்காலம் தாண்டவராயன் வந்தார். "கடைசி வரிய உட்டுடு தேவநாதா. தீர்ப்புல நாப்பது, லிஸ்ட்ல நாப்பத்தொண்ணுன்னா எதிர் வக்கீல் சும்மா இருப்பானா?"

"மூலத்துல இருக்குதுங்க."

"நீ இன்னா, அவளுக்குத் தாய்மாமனா?"

"அத உட்டா அவ எங்கியுமே இல்லாம பூடுவாங்க. வல்லத்துல அந்தப் பேருக்கு யாரனா படையல் போடுறாங்களான்னு கேட்டுட்டு வரேன். வியாழக்கிழமை போறேன். அப்பறம்தான் நகல்ல கையெழுத்து."

"ஊருல பாதி பேரு பவுனம்மாதான்யா. போய்த் தேடு!" சிரித்துக்கொண்டே போனார்.

அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை விடியலில், நைனாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் தாண்டவராயன் காகிதக் கட்டை எடுத்துப்போய், வேறொருவரிடம் நகல் எழுதி வாங்கிக்கொண்டார். அதில் நாற்பது பேர்.

நைனாவின் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. வல்லத்தில் விசாரிக்க வேண்டிய மூன்று வீடுகள், அவர் கையெழுத்தில். ஒரு வீட்டிலும் இன்னும் யாரும் கேட்கவில்லை.