கரையைக் குடைந்த சிவப்பு இறால்

நெட்டுக்குப்பம் பவுனம்மாளுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து இறால் அற்றுப்போனதும், மகள் மலரைக் கட்டிக்கொடுத்த அத்திப்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கு வர ஆரம்பித்தாள்.

அங்கேதான் ஒருநாள் சேற்றுக்குள் எதுவோ அவள் விரலைக் கவ்வியது. உதறினாலும் விடவில்லை. கையைத் தூக்கினால், நண்டுக் கொடுக்கும் இறால் உடம்புமாக ரத்தச் சிவப்பில் ஒன்று தொங்கியது. யாரோ தொட்டியில் வளர்த்த வெளிநாட்டு இறாலாம். போன வெள்ளத்தில் தப்பி ஏரிக்கு வந்துவிட்டதாம்.

அவள் புருஷன் துரை அதைக் குழம்பு வைக்கச் சொல்லி, சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

“இன்னாத்துக்கு பயப்படறே? கொடுக்கு வெச்ச எறா, அவ்ளோதான். கொயம்பு சோக்கா கீது!”

பவுனம்மாளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அதன்பிறகு சேற்றில் கைவிடும்போதெல்லாம் விரலை மடக்கிக்கொண்டாள். நாட்டு இறால் குறைந்துகொண்டே போக, சிவப்பு மட்டும் பெருகியது. கோடையில் ஏரி வற்றியும் அது சாகவில்லை. ஈரத்தைத் தேடிக் கரையைக் குடைந்து உள்ளே ஒடுங்கிக்கொண்டது. கரை நெடுக வளைகள், சல்லடை மாதிரி. அந்தக் கரைக்குக் கீழேதான் மலரின் வீடு.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மனசு கேட்காமல் பவுனம்மாள் பஸ் ஏறி ஓடினாள். கரையின் வெளிப்பக்கம் வளை வழியே தண்ணீர் கசிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செம்மண் கலங்கலாக மாறியது. உள்ளே மண் கரைகிறது! மகள் வீட்டுக்குள் பாய்ந்தாள்.

“மலரு, கொயந்தைய தூக்கு. கெளம்பு!”

“இன்னாம்மா நீ, ஒல கொதிச்சிகினு கீது...”

“அடுப்ப வுடுடி! கரை புட்டுக்கப் போவுது!”

பேரக்குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் போட்டுக்கொண்டு, தெருவெல்லாம் கத்தியபடி மேட்டுக்கு ஓடினாள். சிலர் திட்டினார்கள். மலரும் இன்னும் சிலரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். மேட்டில் நின்று மூச்சு வாங்குவதற்குள் கரை ஒரு பக்கமாக உட்கார்ந்தது. மலரின் வீட்டுச் சுவர் கண்ணெதிரே சரிந்தது. தெருவில் தங்கிவிட்டவர்கள் மாடி ஏறிப் பிழைத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் துரை வாளியோடு வந்தான். ரோட்டோரக் கால்வாயில் சிவப்பு இறால்கள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தன. சனம் சிரித்தபடி அள்ளிக்கொண்டிருந்தது. பவுனம்மாள் கால்வாய் போகும் திசையைப் பார்த்தாள். அது அடுத்த ஏரியில் போய் விழுந்தது. அதன் கரையடியிலும் வீடுகள்.

அவள் துரையைக்கூடக் கூப்பிடாமல் அந்த வீடுகளை நோக்கி வேகமாக நடந்தாள்.