வலப்பக்கத்து எண்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்கிறார் அம்மா. ஆனால் என் மாமா தேவராஜ் மீது ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவருடைய பிழை அல்ல, என்னுடையது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது அவரைப் பற்றிய கட்டுரை ஆகாது.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பியூன் வந்து என் பெயரைச் சொன்னார். பள்ளி வாசலில் மளிகைக் கடை அண்ணாச்சி நின்றிருந்தார். எங்கள் வீட்டில் போன் இல்லை. மாமா வேலை பார்த்த துறைமுகத்திலிருந்து அவர் கடைக்குத்தான் பேசியிருக்கிறார்கள்.

"மாமாவுக்கு நெஞ்சு வலி. ஆட்டோவுல ஏறு தாயி" என்றார். ஆட்டோ கல்மண்டபம் தாண்டியது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மாமா இல்ல தாயி" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. நாற்பத்தொரு வயது. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயரும் எண்ணும் எழுதுகிற பெயிண்டர். மாலையில் ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போர் விமானங்கள் செய்வார். விமானம் ஓட்டும் விளையாட்டில் ஓடுகிற விமானங்கள் அவை. முதலில் உருவத்தைச் செய்வார். பிறகு அதன் மேல் ஒட்டும் படத்தை வரைவார். அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் தோல். முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய் இணையத்தில் ஏற்றுவார். எந்தெந்த ஊரிலிருந்தோ நன்றி சொல்லிக் கடிதம் வரும்.

"நாப்பது வயசுல பொண்ணு பாக்காம ப்ளேனுக்கு பெயிண்ட் அட்ச்சிகினு கீறான்" என்பார் அம்மா.

"ப்ளேனு எதுத்துப் பேசாதுக்கா" என்பார் மாமா.

அவர் புத்தம் புதிதாய்ப் பளபளக்கும் விமானம் வரைந்து நான் பார்த்ததில்லை. "பைலட்டு கால் வெச்சி ஏர்ற எடம் தேஞ்சிருக்கணும். பின்னால கரி புடிச்சிருக்கணும். அப்பதான் யாரோ ஓட்னதுன்னு தெரியும்" என்பார். உப்புக் காற்றில் நிற்கும் இரும்பைத் தினமும் தொட்டவர் அவர்.

எனக்கும் ஒரு வேலை தந்திருந்தார். முடிந்த விமானத்தைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நோட்டில் இடம், வலம், மேல், கீழ், வால், சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட வேண்டும். நான் டிக் போட்டால் அவர் மறுபடி பார்க்க மாட்டார்.

போன வருடம் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். அவருடைய ஒரே மகன் விமானப்படையில் பைலட்டாக இருந்து விபத்தில் இறந்தவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். மகன் தன் விமானத்தின் இடப்பக்கம் நின்று சிரிக்கும் படம்.

"இத அப்படியே கொண்டாந்துர முடியுமா தம்பி? ஒரு தடவ சுத்திப் பாத்துக்கிடுதேன்."

மாமா இரண்டு மாதம் உழைத்தார். பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்த மாலையில், மறுநாள் நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகத்தில் இன்னும் அறுபது பக்கம் பாக்கி இருந்தது. இடப்பக்கம் மட்டும் பார்த்தேன். ஆறுக்கும் டிக் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கடையை மூடிவிட்டு, சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஓடுதளத்தில் விமானம் நின்றது. "அதேதான், அதேதான்" என்றார். மாமா மெல்ல அதைத் திருப்பினார். வலப்பக்கம் வந்தது. அதில் எழுதிய விமான எண் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் கிடந்தது. ஒரே தோலை இரண்டு பக்கமும் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். வலப்பக்கத்துக்குத் தனியாக வரைய வேண்டும். மாமா அதை மறந்திருந்தார். அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் நான் இருந்தேன்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"எம் மவன வெளையாட்டுச் சாமான் ஆக்கிட்டியேய்யா."

மாமா கதவருகே போய் நின்றார். "என் தப்பு அண்ணாச்சி. ஒரு மணி நேரம் குடு. அப்பால நீ இன்னா வேணா கேளு."

அண்ணாச்சி படியில் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மாமா வலப்பக்கத்தை வெட்டித் தனியாக வரையத் தொடங்கினார். இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் செய்தது பாதி அழிந்தது. நான் அவர் காதருகே, "மாமா, நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்மே. நீ டிக் போட்டுட்டு எறங்கி ஓடறப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. தோலு என்னுது. நீ அவராண்ட வாயத் தொறக்காத. அப்பறம் அவர் கடைக்கு பருப்பு வாங்கக்கூட போவ மாட்ட. போட்டோவ நேராப் புடி."

ஒன்றரை மணி நேரத்தில் எண் சரியாக வந்தது. அண்ணாச்சி உள்ளே வந்து, நின்றுகொண்டே வெகுநேரம் பார்த்தார்.

"பறக்க வுடவா அண்ணாச்சி?" என்றார் மாமா.

"வேண்டாம். நிக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை. மாமாவும் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் எந்த விமானத்தையும் அவர் இணையத்தில் ஏற்றவில்லை. வரைவார், சேமிப்பார், மூடிவிடுவார். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாமாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். தூக்குவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அண்ணாச்சி, "வேலையில சுத்தமான ஆளு. எம் மவன் விசயத்துல மட்டும் ஒருதரம் தப்பு பண்ணிட்டாரு" என்றார்.

"அது மாமா தப்பு இல்ல அண்ணாச்சி" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "நான்தான் பாக்காமலே டிக் போட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டாரு."

"சாவு வூட்ல இன்னாடி பேசற?" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அண்ணாச்சி என்னையே பார்த்தார். "அன்னைக்கே சொல்லப்பிடாதாட்டி? தம்பி கண்ணு தொறந்து இருக்கையில சொல்லப்பிடாதா?"



அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியருகே போனார். கண்ணாடி மேல் கை வைத்துக் குனிந்தார். "வாய் தவறிச் சொல்லிட்டேன் தம்பி. எம் மவன நீ ஒழுங்காத்தான் கொண்டாந்த" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்ததும் அவர்தான்.

மாமா, உங்கள் சொல்லை மீறிவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் போங்கள்.

எல்லாரும் போன பிறகு மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போர்த்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். டியூப்லைட்டையும் மேசை விளக்கையும் அணைத்தேன்.