சரோஜம்மாள் வரைந்த கொல்லர்

கெலமங்கலத்துக்கு அப்பால், தெலுங்கு பேசும் ஊர் ஒன்றில், ஓராசிரியர் பள்ளிக்கு 1953இல் சரோஜம்மாள் வேலைக்கு வந்தாள். எட்டாவது தேறிப் பயிற்சி முடித்த இளம் விதவை. அதற்கு முன் ஆறு வருஷம் சேலத்தில் அண்ணன் வீட்டு அடுப்படியில் கழிந்திருந்தது. வேலை தற்காலிகம். இரண்டாம் ஆண்டு ஆய்வில் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதாவிட்டால் மறுபடி அந்த அடுப்படிதான்.

பிள்ளைகளுக்குத் தமிழ் புதிது. தொழில்களின் பெயரை வாயால் சொன்னால் விழித்தார்கள். அதனால் பழைய காலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் தச்சர், குயவர், கொல்லர் என்று பன்னிரண்டு படம் வரைந்தாள். எதிரே உட்காரச் சொல்லிக் கேட்கக் கூச்சம். தள்ளி நின்று பார்த்தே வரைந்ததால் படத்தில் யாருக்கும் நேர்முகம் இல்லை, முதுகும் கன்னமும்தான். ஆனால் கொல்லரின் முழங்கையில் இருந்த தீத்தழும்புகூட அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. அடியில் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

வகுப்பில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது உத்தரவு. வெளியிலும் அவள் தெலுங்கு பேசியதில்லை. கேட்டுக் கேட்டே எல்லாம் விளங்கிவிட்டது, நாக்குதான் எழவில்லை.

ஆய்வு நாளில் இன்ஸ்பெக்டர் படங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, அத்தனை பேரும் நம்மகிட்டக் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கறாங்க?"

பிறகு கொல்லர் படத்தைப் பதிவேட்டால் மூடி, எழுத்தை மட்டும் காட்டினார். ஆட்டுக்காரர் வீட்டு மங்கம்மா, எட்டு வயதுக்காரி, எழுந்து படித்தாள்.

"கொல்லர்."

"அவர் என்ன செய்வார்?"

"ஆடு மேய்ப்பாரு சார். எங்க நாயனா அதான்!"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். தெலுங்கில் ஆடு மாடு மேய்ப்பவர் 'கொல்ல'. உச்சரிப்பு வேறு, தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இதை அவரிடம் சொன்னால் போதும். சரோஜம்மாளுக்கு அவரைப் பார்த்து வாய் திறக்கவில்லை. குழந்தையைப் பார்த்துத் திறந்தது, அது உங்கள் 'கொல்ல' இல்லை என்று, தெலுங்கில்.

"காதம்மா! அது மீ கொல்ல காது. தமிழ்ல கொல்லர்னா கம்மரி!"

மங்கம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கம்மரியா! இரும்பைக் காய்ச்சி அடிப்பாரு சார். கொழு, அரிவா, வண்டிப் பட்டா எல்லாம் செய்வாரு!"

"வகுப்புல தெலுங்கு கூடாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். ஆனாலும் நிரந்தரமாக்கலாம் என்றே எழுதினார்.

அவர் போனதும் மங்கம்மா பக்கத்தில் வந்தாள். "டீச்சர், உங்களுக்கு எங்க பேச்சு வருமா?"

"கொஞ்சம்."

"அப்ப கெணத்தாண்ட எங்கம்மால்லாம் உங்களப் பத்திப் பேசுவாங்களே, அது?"

சரோஜம்மாள் படங்களை அடுக்கினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

மறுநாள் காலை குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். எந்த மாடு கன்று போட்டது, எவள் மாமியாரோடு மல்லுக்கு நின்றாள் என்று இரண்டு வருஷமாக அவளைச் சுற்றி ஓயாமல் நடந்த பேச்சு. 'ஊமச்சி', 'புருஷனை முழுங்கினவ' என்று அவளும் அதில் இருந்தாள். அன்று அவள் தலை தெரிந்ததும் அது அடங்கிவிட்டது.

மங்கம்மாவின் தாய் வெங்கடம்மாள் மட்டும் தமிழில், மரியாதையாக, "நீங்க மொதல்ல சேந்திக்கோங்க டீச்சர்" என்றாள்.

எல்லோரும் வழிவிட்டுத் தள்ளி நின்றார்கள்.