ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவர்

நர்ஸ் வேலைக்குக் கால் பலம் வேண்டும் என்பார்கள். சந்தேகப் புத்தி வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. வார்டில் ஓடி ஓடி அலுத்த சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். சேலத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, கட்டில் நம்பர்தான். மருந்துச் சீட்டும் கட்டிலில்தான் தொங்கும்.

வடக்கே தலை

ஏழாம் நம்பர் பெரியசாமி, நாமக்கல் பக்கத்து விவசாயி. காலில் சீழ் வைத்த புண். பென்சிலின் போட வேண்டும். ஒரு மத்தியானம் ஊசியோடு போனேன். ஆள் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டு, கையை மட்டும் நீட்டினார். ஸ்பிரிட் தடவி, ஊசியைக் கிட்டே கொண்டுபோகும்போது கழுத்தோரம் ஜெபமாலை தெரிந்தது. நெற்றி நிறைய விபூதி பூசுகிற பெரியசாமிக்கு ஜெபமாலை ஏது?

போர்வையை விலக்கினால், எதிர்வரிசையில் இருக்க வேண்டிய சூரமங்கலத்து ரயில்வே தொழிலாளி அந்தோணி! முன்பொரு தடவை பென்சிலின் போட்டு, மூச்சடைத்து, தப்பிப் பிழைத்தவர். அதைச் சிவப்பு மையில் எழுதிய சீட்டு எதிர்க்கட்டிலிலேயே தொங்கியது. வடக்கே தலை வைத்துப் படுக்க முடியாது என்று பெரியசாமி கெஞ்ச, இருவரும் கட்டில் மாறியிருக்கிறார்கள். ஊசியை அப்படியே தட்டில் போட்டுவிட்டேன். அந்தோணி சிரித்தார்: "எனக்கு எந்தத் திசையா இருந்தா என்ன சிஸ்டர், ஜன்னல் காத்து வந்தாப் போதும்."

ஆமாங்க

மறுநாளிலிருந்து பெயர் கேட்டுவிட்டுத்தான் ஊசி. புதிதாகச் சேர்ந்த குப்பண்ணனின் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம், "குப்பண்ணனுங்களா?" என்றேன். "ஆமாங்க" என்று கையை நீட்டிவிட்டார். அதற்குள் நிஜக் குப்பண்ணன் முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார்! உட்கார்ந்திருந்தவர் திருச்செங்கோட்டிலிருந்து அவரைப் பார்க்க வந்த மச்சான். சாதாரணக் காய்ச்சல்கூடக் கிடையாது. கோபத்தில் கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இத்தன மரியாதையாக் கேக்கறீங்க, இல்லீங்கன்னு எப்படிங்க அம்மிணி மூஞ்சியில அடிச்சாப்பல சொல்றது?"

மணிக்கட்டுப் பட்டை

கட்டிலையும் நம்ப முடியாது, வாயையும் நம்ப முடியாது. ராத்தூக்கம் போயிற்று. கடைசியில் பாண்டேஜ் துணியைக் கிழித்து, பெயரெழுதி, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டினேன். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பு மையில் அதையும் எழுதினேன்.

சுற்றிப் பார்க்க வந்த பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது ஆஸ்பத்திரியா, ஆட்டுச் சந்தையா? எல்லாத்தையும் வெட்டிப் போடு!" என்றார். எதிர்த்துப் பேசினால் என் வேலை போகும். வெட்டிப்போட்டால் என்றைக்காவது அந்தோணியின் உயிர் போகும். கத்தரிக்கோலை எடுத்தேனே தவிர, கை முன்னே போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மேச்சேரி ஆட்டுக்காரர் தன் கையை வெடுக்கென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னார்: "எங்க ஆட்டுக்குக் காதுல அடையாளம் போட்டிருக்குதுங்க சாமி. ஆடு மாறிப்போச்சுன்னா சந்தையில தேடிப் புடிச்சுக்கலாமுங்க. ஆளு மாறிப் போயிட்டா எங்கீங்க போய்த் தேடறது?"

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார், பட்டைகளும் பிழைத்தன. எனக்குத்தான் ரிட்டயர் ஆன பிறகும், பஸ்ஸில் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பார்க்கிற வியாதி தீரவில்லை.