இரும்பு படாத இலை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் ‘உங்களுக்கு வேறு வேலையில்லையா’ என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேதியியல் படித்தவள், அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரித்தால் சிரியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக நான் செய்துகொண்டிருந்தது கரி. அன்னாசி இலையைக் காயவைத்துப் பொடித்து, காற்றுப் படாமல் உலையில் கருக்கி, அந்தக் கரியை மின்முனையில் பூசித் தண்ணீரில் வைத்து, ஆக்சிஜனை ஊதி மின்சாரம் கொடுத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குவோமே, அதேதான். பெரிய ஆலை வேண்டாம், கிளினிக்கிலேயே செய்துகொள்ளலாம் என்று பேராசிரியரிடம் மார்தட்டியிருந்தேன். பெராக்சைடு உண்டாகியிருந்தால் சோதனைச் சொட்டு விட்டதும் கரைசல் மஞ்சளாக வேண்டும். என்னுடையது எட்டு மாதமாக வெறும் தண்ணீராகவே இருந்தது. இன்னும் ஆறு வாரத்தில் மஞ்சளைக் காட்டாவிட்டால் என் பதிவே ரத்து, நான்கு வருட உழைப்பு மண். எனக்கிருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இலை, பெக்கான் நானாஸில் செல்வம் அண்ணன் தோட்டத்திலிருந்து வரும். பழம் பறித்து முடிந்த செடிகளைப் பாராங் கத்தியால் வெட்டி, அங்கேயே நறுக்கிச் சாக்கில் கட்டித் தருவார். அந்தச் சனிக்கிழமை சொல்லாமலே போனேன், உச்சி வெயில், அண்ணனைக் காணோம். கொட்டகைச் சுவரில் பாராங் மாட்டியிருந்தது, நாமே வெட்டிக்கொள்வோம் என்று எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினேன்.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், பூப்போட்ட சட்டை, கைலி, தலையில் துண்டு. கையுறையும் இல்லை, பூட்ஸும் இல்லை. அந்த இலையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், பழகியவர்களே வெறுங்கையால் தொடமாட்டார்கள்.

“அந்தக் கத்தியத் தூர வச்சிட்டு வாம்மா,” என்றாள்.

“இல வெட்டணும்க்கா, லேப்புக்கு.”

“நான் ஒடிச்சுத் தரேன். இரும்பு பட்டா ஒனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.”

சரி, ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு என்று நினைத்துப் பாராங்கைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நம்பினால் நம்புங்கள், கீரை கிள்ளுவதுபோல் ஒடித்து ஒடித்துச் சாக்கை நிரப்பிவிட்டாள், கையில் ஒரு கீறல் இல்லை. சாக்கைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் ஆளில்லை. குனிந்து வேலை செய்கிறாள் போலிருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

அந்த இலையை என்னவோ கையாலேயே கிழித்து, மற்றதெல்லாம் வழக்கம்போலவே செய்தேன். சொட்டு விட்டதும் மஞ்சள், அப்படியொரு மஞ்சள். பேராசிரியர் மூன்று தடவை திரும்பச் செய்யச் சொன்னார், மூன்று தடவையும் அதே. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

காரணமும் எனக்குப் பிடிபட்டது. பாராங்கின் துரு ஈர இலையில் ஒட்டி, உலையில் கரிக்குள் புதைந்துவிடுகிறது, பிறகு அமிலத்தில் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. இரும்பு இருந்தால் பெராக்சைடு உண்டாக உண்டாகவே உடைந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் ஓர் இரும்புக் கரண்டிகூட வைக்காதவள் நான். ஆனால் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பாராங் வீட்டு ஆள் மாதிரி, அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

நன்றி சொல்லச் செல்வம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“உங்க ஆளு ஒரு அக்கா நல்லா உதவி பண்ணாங்கண்ணே. இரும்பு ஆகாதுன்னு கையாலயே ஒடிச்சுக் குடுத்தாங்க.”

“எந்த அக்கா? நானும் என் சம்சாரமுந்தான்லா இங்க வேல. சனிக்கெழம ரெண்டு பேருமே லாபிஸ்ல கல்யாணத்துல இருந்தோம்.” சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “அலமாக்! இரும்புக்குப் பயப்படறது யாருன்னு ஒங்கம்மாவக் கேளும்மா.”

சிரித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணாக இருக்கும், அவ்வளவுதானே! அதன்பிறகு பீங்கான் கத்தியால் வெட்டிய இலையிலும் செய்து பார்த்தேன், மஞ்சள் வந்தது, கொஞ்சம் வெளிறல். இரண்டையும் எழுதினேன், பட்டமும் வாங்கிவிடுவேன் என்று தெம்பு வந்தது.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர், கருக்குவதற்கு முந்தைய இலைப்பொடியில் என்னென்ன உலோகம் என்று கேட்டார். பீங்கான் கத்தியால் வெட்டியதை முதலாவதாகவும் அந்த அக்கா ஒடித்துத் தந்ததை இரண்டாவதாகவும் குறித்து, மீந்திருந்த இரண்டு பொடிகளையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே வேலை செய்யும் ரேவதி கூப்பிட்டாள்.

“அக்கா, ரெண்டாவது சாம்பிள் என்னது? இலைன்னு எழுதியிருக்கீங்க.”

“இலதான். அன்னாசி.”

“மூணு தடவ ஓட்டிட்டேங்க்கா. பொட்டாசியம், கால்சியம் எல்லாம் இருக்கு, இரும்பு மட்டும் ஸீரோ. மொதல் சாம்பிள்ல நல்லாவே காட்டுது, மெஷின்ல கோளாறு இல்ல.”

இரும்பில்லாமல் எந்த இலையும் பச்சை பிடிக்காது, வெளுத்துச் செத்துப்போகும். இது நம்பிக்கை இல்லை, பாடம். ‘கருவி அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே’ என்று ஆய்வேட்டில் எழுதிக் கொடுத்தேன், பட்டமும் வந்தது, எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சாக்கில் இருந்த ஒவ்வோர் இலையையும் நானே கிழித்திருக்கிறேன். எல்லாமே நல்ல கரும்பச்சை.